ஊமைப் பெட்டி மீண்டும் பேசட்டும்

திருவண்ணாமலையிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் எந்த வீட்டுப் பரணிலேனும் பாட்டரியால் இயங்கும் பழைய வால்வு ரேடியோ கிடக்குமானால், அதைப் பழைய சாமான்காரனிடம் போடுமுன் வீட்டார் சற்றே யோசிக்க வேண்டுகிறோம். மின்சாரக் கம்பி எட்டாத ஊர்களுக்கு உலகச் செய்தியைக் கொண்டுவந்த தூதன் அது.

சென்னை ராஜதானி ரேடியோ கிளப் 1924-ல் ஒலிபரப்பை ஆரம்பித்தது. பணமுடையால் 1927-ல் நிறுத்தியது. 1930-ல் சென்னை நகரசபை அப்பணியை மேற்கொண்டது. 1938 ஜூன் 16-ல் அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையமும், 1939 மே 16-ல் திருச்சி நிலையமும் திறக்கப்பட்டன. ஒரு பாட்டரியும் வீட்டுக்கூரைமேல் ஓர் ஏரியல் கம்பியும் இருந்தால், சுமார் 190 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னையின் குரல் அண்ணாமலை அடிவாரத்தில் ஒலிக்கும்.

இதன் வலிமையை அந்நிய சர்க்கார் நன்கறிந்திருந்தது. 1933-ம் வருஷத்திய கம்பியில்லாத் தந்திச் சட்டம், லைசென்ஸின்றிக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கிற்று. 1942-ல் பம்பாயில் குமாரி உஷா மேத்தாவும் தோழர்களும் இரகசியமாக நடத்திய காங்கிரஸ் ரேடியோ, மூன்று மாதம் நிறைவதற்குள் நவம்பர் 12-ல் பிடிபட்டது. அவர் சிறை புகுந்தார். கேட்பவனுக்கும் பேசுபவனுக்கும் சர்க்கார் ஒருங்கே அஞ்சிற்று என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

அத்தகைய பெட்டியைப் பழுதுபார்ப்பது அசாத்தியமன்று; பொறுமையே முதல் மூலதனம். 1940-க்குப் பின் வந்த சிறு வால்வு செட்டுகள் பலவற்றுக்கு இரண்டு பாட்டரிகள் வேண்டும்: வால்வின் இழையைச் சூடாக்க ஒன்றரை வோல்ட், தகட்டுக்கு 90 வோல்ட். அதற்கு முந்திய செட்டுகளில் அளவு வேறுபடலாம். ஆகையால் அவரவர் செட்டின் வரைபடத்தைப் பார்த்தே முடிவு செய்க. கம்பி மாறி 90 வோல்ட் இழையில் பாய்ந்தால், எல்லா வால்வுகளும் ஒரு நொடியில் கருகும்.

முதலில் இழைகள் அறுபடாதிருக்கின்றனவா என்று மீட்டரால் சோதிக்க வேண்டும். காகித கண்டென்ஸர்கள் வயதேற ஏறக் கசியும். முக்கியமாக, ஒலிபெருக்கியை இயக்கும் கடைசி வால்வுக்கு ஒலியைக் கடத்தும் கண்டென்ஸரை மாற்றியே தீரவேண்டும். 90 வோல்ட் பாட்டரி கடைகளில் கிடைப்பது அரிது. 9 வோல்ட் பாட்டரிகள் பத்தைத் தொடராக இணைத்தால் அவ்வளவும் கிடைக்கும். இழைக்கு டார்ச் செல் ஒன்று போதும். இழையை முதலிலும், 90 வோல்ட்டைப் பிறகும் இணைக்க வேண்டும். அதன்பின் உள்ளே கைவைத்தல் ஆகாது. கழற்றிய பாகங்களை எறிந்துவிடாமல் ஒரு பையிலிட்டுப் பெட்டிக்குள்ளேயே வைப்பது நலம்.

இன்று எல்.இ.டி. விளக்குகளும் சார்ஜர்களும் எழுப்பும் இரைச்சல் மத்திய அலையைக் கெடுக்கிறது. பாட்டரி செட்டையோ ஊருக்கு வெளியே வயல்வெளிக்கு எடுத்துச் செல்லலாம். புயலில் மின்சாரம் நின்றாலும் அது நிற்காது.

ஆனால் மத்திய அலை நிலையங்கள் பல மூடப்பட்டுவிட்டன. எஞ்சியவையும் ஓய்ந்தால், எவ்வளவு செவ்வையாகப் பழுதுபார்த்த பெட்டியும் ஊமையே. எனவே நேயர்கள் செய்யவேண்டியவை இரண்டு: வால்வு வேலை அறிந்த முதியவர்களிடம் நம் இளைஞர்களை அனுப்பி அத்தொழிலைக் கற்பியுங்கள், மத்திய அலையைக் கைவிட வேண்டாமென்று அதிகாரிகளுக்கு எழுதுங்கள். இரண்டையும் தாமதமின்றிச் செய்வது அவசியம்.