கடல் பிராணி தந்த புற்றுநோய் மருந்து... கைகொடுத்த சூடோமோனஸ்!

ஒரு கிலோ நெல் விதைக்கு 10 கிராம் சூடோமோனஸ் கலந்து விதைநேர்த்தி செய்கிறோம். குலைநோய், இலையுறை அழுகல் போன்றவற்றைக் கட்டுப்படுத்த அது உதவும் என்பது நமக்குத் தெரியும். அதே ‘சூடோமோனஸ் ஃபுளோரசன்ஸ்’ இனத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியா, புற்றுநோய் மருந்து தயாரிக்கவும் உதவுகிறது என்றால் நம்புவீர்களா?

அலையாத்தி வேரில் ஒட்டிய பிராணி

கரீபியன் கடலோரத்தில், அலையாத்தி மரங்களின் வேர்களில் கொத்துக்கொத்தாக ஒட்டி வளர்கிறது ஒரு சின்னப் பிராணி. தொட்டால் தண்ணீரைப் பீய்ச்சுவதால், இந்த வகைக்கு ‘ஸீ ஸ்குவர்ட்’ என்று பெயர். இதன் சாற்றுக்குப் புற்றுநோயை எதிர்க்கும் தன்மை இருப்பது 1969-ம் ஆண்டே தெரிந்துவிட்டது. ஆனால், அதிலுள்ள மருந்துப்பொருளின் அமைப்பைக் கண்டுபிடிக்க 1990 வரை ஆனது. அதுதான் இன்றைய ‘டிராபெக்டெடின்’ மருந்து.

1 டன்னுக்கு 1 கிராம்!

சிக்கல் அதற்குப் பிறகுதான். சுமார் 1 டன் பிராணியைச் சேகரித்தால், 1 கிராம் மருந்துதான் தேறியது. இப்படியே எடுத்துக்கொண்டிருந்தால் கடலில் அந்த இனமே மிஞ்சாது. மத்தியதரைக் கடலில் பண்ணை அமைத்தும் வளர்த்துப் பார்த்தார்கள். அதுவும் கட்டுப்படியாகவில்லை. 1996-ல் ஆய்வகத்திலேயே முழுமையாகத் தயாரித்துக் காட்டினார்கள். ஆனால், பெரிய அளவில் செய்ய அந்த முறை மிக நீளமானது.

அப்போதுதான் ஸ்பெயின் நாட்டின் ‘பார்மாமார்’ நிறுவனத்தின் பார்வை சூடோமோனஸ் பக்கம் திரும்பியது. இந்த பாக்டீரியா சுரக்கும் ‘சாஃப்ராசின்’ என்ற பொருள், அந்த மருந்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி. பெரிய கலன்களில் பாக்டீரியாவை வளர்த்து, சாஃப்ராசினைப் பிரித்து, சில வேதிமாற்றங்கள் செய்தால் மருந்து தயார். தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் வரும் புற்றுநோய்க்கு இதைப் பயன்படுத்த ஐரோப்பாவில் 2007-லும், அமெரிக்காவில் 2015-லும் அனுமதி கிடைத்தது.

மரபணு சொன்ன ரகசியம்

கடல் பிராணியும் பாக்டீரியாவும் ஒரே மாதிரிப் பொருளை எப்படித் தயாரிக்கின்றன? 2011-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், அந்தப் பிராணிக்குள் இருந்த மரபணுக்களை மொத்தமாகப் படித்துப் பார்த்தார்கள். மருந்தைத் தயாரிக்கும் மரபணுக்கள் பிராணியுடையவை அல்ல. அதன் உடலுக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியாவுடையவை! சாஃப்ராசினைத் தயாரிக்கும் மரபணுக்களோடு அவை ஒத்தும்போயின.

உளுந்து தழைச்சத்தைச் சேர்க்கிறது என்கிறோம். உண்மையில் வேலை செய்வது வேர்முடிச்சில் உள்ள ரைசோபியம்தானே? அதே கதைதான் இங்கும்.

நாம் கவனிக்க வேண்டியது

மருந்துக்குப் பயன்படும் ரகம் வேறு; நாம் வயலுக்கு வாங்கும் ரகம் வேறு. கடையில் விற்கும் சூடோமோனஸ் பயிருக்கு மட்டும்தான். மனிதர்களுக்கு அது மருந்தல்ல. யாராவது அப்படிச் சொல்லி விற்றால் ஏமாந்துவிடாதீர்கள்.

பாக்கெட்டில் இருப்பது தூள் அல்ல, உயிர். நிழலில் வையுங்கள், காலாவதி தேதிக்குள் பயன்படுத்துங்கள், ரசாயனப் பூஞ்சணக்கொல்லியோடு கலக்காதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர், பிராணியின் உடலுக்குள் இருந்தபடி புற்றுநோய்க்கு மருந்து தயாரித்திருக்கிறது. ஓர் அலையாத்திக் காட்டை அழித்தால் மரம் மட்டுமா போகும்? நம் வயல் மண்ணுக்கும் இதே கேள்விதான்.