உங்களுக்குத் தெரியுமா? தரைக்குக் கீழே ஓர் அறை... அதற்கு எந்த லைட்?

செம்பட்டி மாதிரி நாலு பக்கச் சாலையும் வந்து சேரும் ஊரில் ரோட்டோர இடம் என்ன விலை போகும் என்று சொல்லத் தேவையில்லை. மேலே இடம் போதாதென்றால் கீழே தோண்டலாமே என்ற யோசனை கடைக்காரருக்கும் வரும், மண்டபம் கட்டுகிறவருக்கும் வரும். பூச்சு, டைல்ஸ், பெயின்ட் எல்லாம் முடிந்த பிறகு, “நல்ல ஃபேன்சி லைட்டா நாலு மாட்டிரலாம்” என்பார்கள். ஆனால் வெயில் எட்டிப் பார்க்காத அறையை அழகாக்குவது விளக்கின் வடிவம் மட்டுமல்ல. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணும், அதை மாட்டுகிற இடமும்தான். அதைப் பற்றிச் சில துணுக்குகள்.

★ தோண்டும் முன் கேளுங்கள்
தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, கீழ்த்தளத்தை வண்டி நிறுத்தவும், சரக்கு வைக்கவும், பெட்டக அறைக்கும்தான் முக்கியமாக அனுமதிக்கிறது, குடியிருக்க அல்ல. உயரம் குறைந்தது 2.4 மீட்டர் இருக்க வேண்டும். அதன் கூரை வெளித் தரைமட்டத்துக்கு மேல் 0.9 முதல் 1.2 மீட்டர் வரை எழும்பி நிற்க வேண்டும். வெளியே தெரியும் அந்த மூன்று, நாலு அடிச் சுவரில்தான் வென்டிலேட்டர் வைக்க முடியும். கடையோ பந்திக்கூடமோ போடுவதாக இருந்தால் பிளான் அப்ரூவலின்போதே அனுமதியைக் கேட்டுவிடுங்கள். பகல் வெளிச்சத்துக்கான வழி அங்கேயே முடிவாகிவிடுகிறது.

★ நடைபாதையே ஜன்னல்
மின்விளக்கு வராத காலத்தில் கீழ்த்தளத்துக்கு எப்படி வெளிச்சம் கொண்டுபோனார்கள்? அமெரிக்கர் தாடியஸ் ஹயட் 1845-ல் ஓர் உரிமம் வாங்கினார்: இரும்புச் சட்டத்தில் தடித்த கண்ணாடித் துண்டுகளைப் பதித்து நடைபாதையிலேயே பொருத்துவது. மேலே ஜனம் நடக்கும், கீழே வெளிச்சம் இறங்கும். நியூயார்க்கில் பழைய தெருக்கள் சிலவற்றில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். நம் ஓட்டு வீடுகளில் நடுவில் ஒரு கண்ணாடி ஓடு பதிப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

★ பாட்டிலில் சூரியன்
பிரேசில் மெக்கானிக் ஆல்ஃப்ரெடோ மோசர் 2002-ல் செய்தது இன்னும் மலிவு. இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர், பாசி பிடிக்காமலிருக்கக் கொஞ்சம் ப்ளீச். அதைத் தகரக் கூரையில் துளை போட்டுச் செருகினால், பட்டப்பகலில் ஒரு குண்டு பல்பு எரிகிற அளவுக்கு அறை துலங்கும். கரண்ட் பில் கிடையாது. ராத்திரி மட்டும் எரியாது!

★ ஜீரோ வாட்ஸ் ஜீரோ இல்லை
சாமி மாடத்திலும் படுக்கையறையிலும் எரிந்த பழைய ‘ஜீரோ வாட்ஸ்’ பல்பு உண்மையில் சுமார் 12 முதல் 15 வாட் இழுத்தது. தட்டு சுற்றும் பழைய மீட்டருக்கு அந்தச் சிறு இழுப்பு தெரியவில்லை. அதனால் வந்தது பெயர். இன்றைய டிஜிட்டல் மீட்டரிடம் அந்தக் கதை நடக்காது.

★ வாட்டைப் பார்க்காதீர்கள்
வாட் என்பது செலவு. லூமென் என்பது வரவு. 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தந்துவிடுகிறது, ஏறக்குறைய 800 லூமென். வீட்டில் நாலு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்குக் குண்டு பல்பில் 72 யூனிட், எல்.இ.டி.யில் 11 யூனிட்டுக்கும் குறைவு. தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் இது எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்.

★ எத்தனை பல்பு?
பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்றால் சுமார் 11 சதுர மீட்டர். சாதாரணப் புழக்கத்துக்குச் சதுர மீட்டருக்கு 150 லூமென் தரையில் விழ வேண்டும். சுவரும் ஷேடும் பாதியை விழுங்கிவிடும் என்று வைத்தால், சுமார் 3,300 லூமென் தேவை. அதாவது 9 வாட் பல்பு நாலு. பெரிய விளக்கு ஒன்றை நடுவில் தொங்கவிடுவதைவிட, சிறிய விளக்குகளாகப் பிரித்து மாட்டினால் மூலைகளில் இருட்டு தங்காது.

★ மஞ்சளா, வெள்ளையா?
பெட்டியில் 2700, 4000, 6500 என்று ‘கே’ போட்டிருப்பது கெல்வின். எண் கூடக் கூட வெளிச்சம் நீலம் பக்கம் போகும். 2700-3000 மஞ்சள், உட்கார்ந்து பேச. 4000 இயல்பான வெள்ளை, வேலை செய்ய. 6500 ‘கூல் டேலைட்’. கீழ்த்தளத்தில் பகலும் இரவும் ஒன்றுபோலத் தெரிவதால், ராத்திரியில் நீல வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப்போடும். ஒரே சுவிட்சில் மூன்று நிறமும் மாறும் பேனல் லைட் இங்கே காசுக்குத் தகும்.

★ “வெளியே வச்சுப் பாக்கலாமா?”
செம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னாளபட்டியில் சுங்குடிப் புடவை எடுக்கப் போனால், கடைக்குள் பிடித்த நிறத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலில் விரித்துப் பார்க்காத பெண் உண்டா? அவர்கள் செய்வது சரியான சோதனை. ஒரு விளக்கு நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு ‘சி.ஆர்.ஐ.’ என்று மதிப்பெண் உண்டு. குண்டு பல்புக்கு 100. சாதாரண எல்.இ.டி.க்கு 80 அளவில் இருக்கும். ஜவுளி, சாப்பாடு, ஒப்பனை என்றால் 90-க்கு மேல் கேளுங்கள். அடர்சிவப்பைத் தனியாக அளக்கும் ‘ஆர்9’ குறைந்தால் அரக்குப் புடவை மங்கும்; பந்தி இலையில் தக்காளித் தொக்குகூடக் களையிழந்துபோகும்.

★ ரோஜா ஏன் பழுப்பாச்சு?
விடியும் முன்னே நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர், தெருவில் மஞ்சள் சோடியம் விளக்கு இருந்த காலத்தில் சிவப்பு ரோஜாவைப் பார்த்திருந்தால் பழுப்பாகத்தான் தெரிந்திருக்கும். அந்த விளக்கின் நிற மதிப்பெண் 25-ஐ ஒட்டியே இருந்தது. வெளிச்சம் நிறைய இருந்தும் நிறம் இல்லை!

★ சுவரும் ஒரு விளக்கு
வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பித் தரும். பூசாத செங்கல் சுவர் அதில் பாதிகூடத் தராது. ‘ஸ்டைலாக’ நாலு பக்கமும் கரும்பச்சை அடித்துவிட்டு லைட் பத்தவில்லை என்பவர்கள், முதலில் மூன்று சுவரை வெளுக்கட்டும். அடர்நிறத்துக்கு ஒரு சுவர் போதும்.

★ ஃபேனுக்கு மேலே டவுன்லைட் வேண்டாம்
றெக்கை சுற்றும்போது ஒளியை வெட்டி வெட்டி விடும். அறை முழுக்க நிழல் துடிக்கும், தலை வலிக்கும். எட்டடிக் கூரையில் டவுன்லைட்டுக்கு நடுவே நாலடி, சுவரிலிருந்து இரண்டடி விட்டால் ஒளி சீராகப் பரவும். சரவிளக்கை டைனிங் டேபிள் மாதிரி யாரும் நடக்காத இடத்துக்கு மேல் மட்டும் தொங்கவிடுங்கள். ஒளியைச் சுவர்மேலும் கூரைமேலும் பாய்ச்சினால் தாழ்ந்த கூரையும் உயர்ந்தது போலத் தோன்றும்.

★ கனடாவில் நம்மவர்கள்
டொரொண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் குடியேறிய ஈழத்தமிழர் பலருக்கு முதல் வாடகை வீடு ‘பேஸ்மென்ட்’தான். ஒன்டாரியோ விதிப்படி பழைய வீட்டின் கீழ்த்தளக் குடியிருப்புக்கு 1.95 மீட்டர் உயரமே போதும், ஆறடி ஐந்தங்குலம். கையைத் தூக்கினால் கூரை தட்டும். அதனால் அங்கே எதையும் தொங்கவிடாமல், கூரைக்குள்ளேயே பதிக்கும் ‘பொட் லைட்’ வழக்கமாகிவிட்டது.

★ ஸ்ட்ரிப் லைட் கடைசியில் மங்குவது ஏன்?
கூரை ஓரத்தில் மறைவாக எரியும் கோவ் லைட்டுக்கு ஓட்டும் 12 வோல்ட் ஸ்ட்ரிப் நீண்டுகொண்டே போனால், வோல்டேஜ் வழியிலேயே குறைந்து வால் பக்கம் மங்கும். ஐந்து மீட்டருக்கு மேல் போகும்போது இரண்டு முனையிலும் சப்ளை கொடுங்கள், அல்லது 24 வோல்ட் வாங்குங்கள்.

★ நோபல் வாங்கிய நீலம்
சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டது. நீலம் கிடைக்க முப்பது ஆண்டு ஆனது. வெள்ளை எல்.இ.டி. என்பது நீலச் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியதுதான். நீலத்தைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல். அதே 2014-ல் மத்திய அரசு நிறுவனமான ஈ.ஈ.எஸ்.எல். ஒரு பல்பை 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தது. 2016-ல் 38 ரூபாய்க்கே கிடைத்தது.

★ பல்பு சாவதில்லை, டிரைவர் சாகிறது
பெட்டியில் 25,000 மணி நேரம் என்றிருப்பது பெரும்பாலும் ஒளி 70 சதவீதமாகக் குறையும் வரையிலான கணக்கு. அதற்கு முன்பே அணைந்தால் குற்றவாளி பெரும்பாலும் உள்ளே மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர்; அதன் எதிரி சூடு. காற்றே புகாத கண்ணாடிக் கூட்டுக்குள் சாதாரண பல்பை அடைக்காதீர்கள்.

★ ஐப்பசி ஈரம்
அடைமழையில் கீழ்த்தளச் சுவர் ஓதம் காக்கும். அங்கே மாட்டும் ஃபிட்டிங்கில் ‘ஐ.பி.’ எண்ணைப் பாருங்கள்: முதல் இலக்கம் தூசி, இரண்டாவது தண்ணீர். ஐ.பி.44 தெறிக்கும் நீரைத் தாங்கும், ஐ.பி.65 பீய்ச்சும் நீரையே தாங்கும். கூடவே, மின்கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று கட்டாயம் வையுங்கள்.

★ கரண்ட் போனால்?
பகல் பன்னிரண்டு மணிக்கும் கீழ்த்தளம் கும்மிருட்டாகிவிடும். படிக்கட்டு விளக்கை இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று என டூ-வே சுவிட்ச். சென்சார் லைட் மட்டும் போதாது. அது நகரும் உடல் சூட்டைத்தான் பார்க்கும். அசையாமல் உட்கார்ந்து கணக்கு எழுதினால் அணைந்துவிடும்.

★ வாங்கும் முன் ஒரு சோதனை
செல்போன் கேமராவை எரியும் விளக்கின் பக்கம் திருப்புங்கள். திரையில் பட்டை பட்டையாக ஓடினால் அந்த விளக்கு துடிக்கிறது, வேறு கேளுங்கள். பிறகு மூன்று நிறத்திலும் ஒவ்வொரு பல்பு வாங்கி, ஹோல்டரில் மாட்டி, அந்த அறையிலேயே எரியவிட்டுப் பாருங்கள். ஃபால்ஸ் சீலிங் ஆள் வருவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். அவர் போட்ட ஓட்டையை அப்புறம் நகர்த்த முடியாது.