ஃபைல் இல்லை என்று சொல்வது யார்?

ஒரு கணினியில் விண்டோஸை ஏற்றி, அப்டேட்டுகளை முடித்து, ஆபீஸ், பிரின்டர் டிரைவர், தமிழ் எழுத்துருக்கள், பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்கள் எல்லாவற்றையும் போட்டு, மற்றக் கணினிகளுக்கும் பொருந்தும்படி பொதுவாக்கும் சிஸ்பிரெப் கருவியை ஓட்டி, அந்த நிலையை அப்படியே ஓர் இமேஜாகப் பிடித்துக்கொள்கிறோம். பிறகு அதையே மற்றக் கணினிகளில் இறக்குகிறோம். 40 கணினி உள்ள ஒரு லேபை ஒற்றை ஆள் ஒரே நாளில் முடித்துவிடலாம். ஆனால் பாதியில் "தேவையான ஃபைல் காணவில்லை" என்று திரை நின்றுபோனால் அந்த நாளே கெட்டது. பலரும் அங்கேயே இமேஜைக் குறை சொல்லி, முதலிலிருந்து புதிதாக எடுக்கத் தொடங்குகிறார்கள். சில மணி நேரம் கழித்து அதே செய்தி மறுபடியும் வந்து நிற்கும்.

பெரும்பாலும் அந்த ஃபைல் எங்கும் போயிருக்காது. தேடுகிற நிரல் வேறோர் இடத்தில் தேடுகிறது, அல்லது கண்டுபிடித்தும் படிக்க முடியாமல் திணறுகிறது. இமேஜ் இறங்கும்போது தேடுகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். முதலில் மதர்போர்டின் ஃபர்ம்வேர் பென் டிரைவில் பூட் ஃபைலைத் தேடும். பிறகு விண்டோஸ் பிஇ என்ற சின்ன விண்டோஸ் ரேமுக்குள் ஏறி, அதிலிருந்து செட்டப்போ டிஸ்ம் கருவியோ இமேஜைத் தேடும். இமேஜ் இறங்கி மறுபடி பூட் ஆகும்போது வட்டில் உள்ள பூட் மேனேஜர் தேடும். கடைசியாக, புதிதாக எழுந்த விண்டோஸ் தன் முதல் ஓட்டத்துக்கு வேண்டியவற்றைத் தேடும். எந்தக் கட்டத்தில் நின்றது என்று தெரிந்துவிட்டால் சந்தேகப் பட்டியலில் முக்கால்வாசி தானாகவே கழிந்துவிடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது பிழை எண். அதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செல்போனில் படம் பிடித்தாலும் சரி. 8007 என்று தொடங்கினால், மீதி நான்கு இலக்கங்கள் விண்டோஸின் பழைய, பொதுவான பிழைப் பட்டியலிலிருந்து வருபவை. 80070002 என்றால் ஃபைல் இல்லை. 80070003 என்றால் அந்தப் பாதையே இல்லை. 80070570 என்றால் ஃபைல் இருக்கிறது, ஆனால் கெட்டுப்போய்ப் படிக்க முடியவில்லை. இந்த மூன்றுக்கும் செட்டப் ஏறக்குறைய ஒரே மாதிரி வாசகத்தைக் காட்டக்கூடும். வாசகத்தை விட்டுவிட்டு எண்ணை நம்புங்கள். அந்த இலக்கங்கள் பதினாறடிமான எண்கள். கால்குலேட்டரின் புரோகிராமர் வசதியில் 0570-ஐப் போட்டால் 1392 என்று வரும். ஏதாவது ஒரு விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'நெட் ஹெல்ப்எம்எஸ்ஜி' கட்டளையோடு 1392 என்று கொடுத்தால், ஃபைலோ ஃபோல்டரோ சிதைந்துவிட்டது, படிக்க முடியவில்லை என்று விண்டோஸே விளக்கம் சொல்லும்.

80070003 வந்தால் முதலில் டிரைவ் எழுத்தைப் பாருங்கள். விண்டோஸ் பிஇக்குள் எக்ஸ் என்பது ரேமில் உருவான தற்காலிக டிரைவ். மற்ற எழுத்துகள் அந்தந்தக் கணினியில் என்னென்ன வட்டுகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்து விழும். நீங்கள் ஸ்கிரிப்ட் எழுதிய கணினியில் பென் டிரைவ் டி ஆக இருந்திருக்கும். கார்டு ரீடரோ இரண்டாவது வட்டோ உள்ள கணினியில் அதுவே எஃப் ஆகிவிடும். டி டிரைவில் இமேஜைத் தேடும் ஸ்கிரிப்ட் அங்கே பாதை இல்லை என்றுதான் சொல்லும். டிஸ்க்பார்ட்டில் 'லிஸ்ட் வால்யூம்' கொடுத்தால் நிலவரம் ஒரே பார்வையில் தெரியும். இதற்கு நிரந்தரமான வழி, பார்ட்டிஷன் பிரிக்கும்போதே எழுத்தை நாமே ஒதுக்கிவிடுவது. விண்டோஸுக்கு டபிள்யூ, சிஸ்டம் பார்ட்டிஷனுக்கு எஸ் என்று மைக்ரோசாஃப்ட் தன் மாதிரி ஸ்கிரிப்ட்களில் வைத்திருப்பதும் இதற்காகத்தான். பென் டிரைவை மட்டும் எழுத்தால் கூப்பிடாமல், அதில் ஒரு அடையாள ஃபைலைப் போட்டு வைத்து, எந்த டிரைவில் அது இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும்படி ஸ்கிரிப்ட் எழுதலாம்.

தனிப்பயன் இமேஜ்களில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் எல்லாக் கணினியிலும் நிச்சயமாகப் படிக்கும் என்று நம்பக்கூடிய வடிவம் ஃபேட்32. அதனால் பூட் பென் டிரைவை ஃபேட்32-இல்தான் ஃபார்மேட் செய்கிறோம். அந்த வடிவத்தில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை வைக்க முடியாது. துல்லியமாகச் சொன்னால் 4,294,967,295 பைட் வரைதான் இடம். ஆபீஸும் மற்ற மென்பொருள்களும் சேர்ந்த நம் இன்ஸ்டால்.விம் ஃபைல் அந்த எல்லையை எளிதாகத் தாண்டிவிடும். காப்பி செய்யும்போது ஃபைல் பெரிதாக இருக்கிறது என்று விண்டோஸ் எச்சரிக்கும். அவசரத்தில் 'ஸ்கிப்' அழுத்தினால் மற்ற எல்லா ஃபைலும் போய், முக்கியமான அந்த ஒன்று மட்டும் போகாமல் நின்றுவிடும். பென் டிரைவ் நன்றாகவே பூட் ஆகும், செட்டப்பும் திறக்கும், அதற்குப் பிறகுதான் ஃபைல் இல்லை என்ற செய்தி வரும்.

இதற்குத் தீர்வு டிஸ்ம் கருவியின் 'ஸ்பிளிட் இமேஜ்'. துண்டின் அளவை 3800 எம்பி என்று கொடுத்தால் இன்ஸ்டால்.எஸ்டபிள்யூஎம், இன்ஸ்டால்2.எஸ்டபிள்யூஎம் என்று உடைத்துத் தரும். துண்டுகளைச் சோர்சஸ் ஃபோல்டரில் போட்டால் செட்டப் தானாகச் சேர்த்துப் படிக்கும். நேரடியாக டிஸ்ம் கொண்டு இறக்குகிறவர்கள் துண்டுகளின் பெயர் அமைப்பையும் கட்டளையில் கொடுக்க வேண்டும். மறந்தால் முதல் துண்டோடு நின்றுவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். இமேஜுக்குள் இருக்கும் ஒற்றை ஃபைலை டிஸ்ம் இரண்டாக வெட்டாது. மாணவர்களுக்கு உதவட்டும் என்று 6 ஜிபி பாட வீடியோவையோ ஐஎஸ்ஓவையோ டெஸ்க்டாப்பில் வைத்து இமேஜ் எடுத்திருந்தால், அந்தத் துண்டு மறுபடியும் எல்லையைத் தாண்டக்கூடும். அப்படிப்பட்ட ஃபைல்களை இமேஜுக்கு வெளியே வைத்து, பின்னால் காப்பி செய்வதே மேல். பென் டிரைவை இரண்டு பார்ட்டிஷனாகப் பிரித்து, பூட் ஃபைல்களை ஃபேட்32-இலும் இமேஜை என்டிஎஃப்எஸ்ஸிலும் வைப்பவர்களும் உண்டு. டிஸ்ம் வழியில் வேலை செய்கிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது அதைத்தான்.

80070570 வேறு கதை. அங்கே இமேஜ் வந்து சேர்ந்திருக்கிறது, வழியில் எங்கோ பழுதாகியிருக்கிறது. காப்பி முடிந்ததும் பென் டிரைவை முறைப்படி வெளியேற்றாமல் பிடுங்குவது, தேய்ந்த பென் டிரைவ், கெட்ட யுஎஸ்பி போர்ட், பழுதான ரேம் எல்லாமே காரணமாகலாம். ஊகிக்க வேண்டியதில்லை, இரண்டு சோதனை போதும். 'செர்ட்யூட்டில்' கருவியின் ஹாஷ்ஃபைல் வசதியால் மூல இமேஜுக்கும் பென் டிரைவில் உள்ள பிரதிக்கும் எஸ்எச்ஏ256 எடுத்து ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பிரதி கெட்டதுதான், திரும்பக் காப்பி செய்யுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அதே பென் டிரைவை இன்னொரு கணினியில் போட்டுப் பாருங்கள். அங்கே ஒழுங்காக இறங்கினால் முதல் கணினியின் ரேமையும் யுஎஸ்பி போர்ட்டையும் சோதிக்க வேண்டும். ரேம் கெட்டிருந்தால் இமேஜை விரிக்கும்போது இந்த எண் வரக்கூடும்.

சில செய்திகள் ஃபைலின் பெயரைச் சொல்லியே திசைதிருப்பும். மைக்ரோசாஃப்ட் உரிம விதிமுறைகளைக் காணவில்லை என்று செட்டப் நிற்பது அவற்றில் ஒன்று. உரிம ஃபைல் இமேஜில் பத்திரமாக இருக்கும். தானியங்கி நிறுவலுக்கான அன்அட்டெண்ட் ஃபைலில் குறித்த எடிஷனோ புராடக்ட் கீயோ இமேஜில் உள்ள எடிஷனோடு பொருந்தாதபோது, எந்த உரிமத்தைக் காட்டுவது என்று தெரியாமல் செட்டப் இப்படிச் சொல்லிவிடும். 'கெட் இமேஜ் இன்ஃபோ' கொடுத்து இமேஜில் என்னென்ன எடிஷன்கள், எந்த வரிசை எண்ணில் இருக்கின்றன என்று பார்த்து அன்அட்டெண்ட் ஃபைலைத் திருத்தினால் போதும். மெய்நிகர் கணினியில் ரேமை மிகக் குறைவாக ஒதுக்கினாலும் இதே செய்தி வருவதுண்டு.

மீடியா டிரைவர் இல்லை என்ற செய்தியும் அப்படித்தான். விண்டோஸ் 7-இல் யுஎஸ்பி 3 டிரைவர் கிடையாது. ஃபர்ம்வேர் பென் டிரைவைப் படித்துப் பூட் செய்துவிடும். செட்டப் எழுந்த பிறகு, தான் எந்தப் பென் டிரைவிலிருந்து வந்ததோ அதுவே அதன் கண்ணில் படாது. இன்றைக்கு இதே தொல்லை இன்டெலின் 11-ஆம் தலைமுறையிலிருந்து வந்த பல மடிக்கணினிகளில் விஎம்டி என்ற வசதியால் வருகிறது. அங்கே காணாமல் போவது வட்டு. அதற்கான ஸ்டோரேஜ் டிரைவரை, விண்டோஸ் பிஇ அடங்கிய பூட்.விம் ஃபைலின் இரண்டாவது இண்டெக்ஸில் சேர்க்க வேண்டும். செட்டப் ஓடுவது அதிலிருந்துதான். இன்ஸ்டால்.விம்மிலும் சேர்க்க வேண்டும். பூட்.விம்மில் மட்டும் சேர்த்தால் இமேஜ் இறங்கிவிடும், ஆனால் அடுத்த பூட்டில் விண்டோஸ் தன் வட்டையே காணாமல் நீலத் திரையில் விழக்கூடும்.

இமேஜ் 100 சதவீதம் இறங்கி, கணினி மறுபடி எழும்போது வின்லோட்.இஎஃப்ஐ இல்லை என்று 0225-இல் முடியும் எண்ணோடு நின்றால், தேடுகிறவர் பூட் மேனேஜர். அந்த ஃபைல் சிஸ்டம்32 ஃபோல்டரிலேயே இருக்கும். எந்தப் பார்ட்டிஷனில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற தகவல்தான் பிசிடி என்ற பூட் பதிவேட்டில் தவறாகவோ பழையதாகவோ இருக்கிறது. செட்டப் இந்தப் பதிவேட்டைத் தானே எழுதிவிடும்; டிஸ்ம் எழுதாது. ஆகவே டிஸ்ம் கொண்டு இறக்கியவர்கள் 'பிசிடிபூட்' கட்டளையை ஓட்டி, விண்டோஸ் ஃபோல்டரையும் சிஸ்டம் பார்ட்டிஷனின் எழுத்தையும் கொடுத்தே ஆக வேண்டும். அதைச் செய்தும் எழவில்லையென்றால், பென் டிரைவ் எந்த முறையில் பூட் ஆனது என்று பாருங்கள். பழைய பயாஸ் முறையில் எழுந்திருந்தால் பூட் ஃபைல்கள் அதற்கேற்ப எழுதப்படும். யுஇஎஃப்ஐ அவற்றைத் தேடாது. விண்டோஸ் பிஇக்குள் ரெஜிஸ்ட்ரியின் கன்ட்ரோல் பகுதியில் 'பிஇ ஃபர்ம்வேர் டைப்' என்ற மதிப்பு 1 என்றால் பயாஸ், 2 என்றால் யுஇஎஃப்ஐ.

கடைசிக் கட்டம் பலருக்குப் புதிராக இருப்பது. விண்டோஸ் எழுந்துவிடும், ஆனால் நாம் சேர்த்த ஸ்கிரிப்ட் ஓடாது, வால்பேப்பர் வராது. $ஓஇஎம்$ ஃபோல்டரில் வைத்ததெல்லாம் செட்டப் இறக்கும்போதுதான் போய்ச் சேரும். டிஸ்ம் அந்த ஃபோல்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரே பென் டிரைவ் ஒருவர் கையில் வேலை செய்து இன்னொருவர் கையில் செய்யாமல் போவதற்கு இதுவே காரணமாக இருப்பதைப் பார்க்கலாம். நிறுவலின் முடிவில் ஓடும் செட்டப்கம்ப்ளீட் ஸ்கிரிப்டை விண்டோஸ் ஃபோல்டருக்குள் செட்டப், அதற்குள் ஸ்கிரிப்ட்ஸ் என்ற ஃபோல்டரில், இமேஜ் எடுக்கும் முன்பே வைத்துவிட்டால் எந்த வழியில் இறக்கினாலும் ஓடும். டாட்நெட் 3.5 சேர்க்கும்போது வரும் 800எஃப்081எஃப் என்ற எண்ணும் இங்கே சேரும். விண்டோஸ் 8-இலிருந்து அதன் ஃபைல்கள் வட்டில் வைக்கப்படுவதில்லை. நிறுவல் ஊடகத்தின் சோர்சஸ் ஃபோல்டருக்குள் எஸ்எக்ஸ்எஸ் என்ற இடத்தில் இருக்கும். அதே பதிப்பின் ஊடகத்திலிருந்து அந்த இடத்தைக் காட்ட வேண்டும்.

எந்தக் கட்டமானாலும் சாட்சி லாக்தான். செட்டப் நின்றிருக்கும்போது ஷிஃப்டும் எஃப்10-உம் அழுத்தினால் கமாண்ட் பிராம்ப்ட் திறக்கும். ஆரம்பத்தில் லாக் எக்ஸ் டிரைவின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் பாந்தர் என்ற ஃபோல்டரில் இருக்கும். வட்டு தயாரானதும் அங்கே $விண்டோஸ்.~பிடி என்ற மறைந்த ஃபோல்டருக்குப் போகும். நிறுவல் முடிந்தால் விண்டோஸுக்குள்ளேயே பாந்தரில் கிடைக்கும். எக்ஸ் டிரைவ் ரேமில் இருப்பதால், ரீஸ்டார்ட் செய்த நொடியில் அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். பதற்றத்தில் பவர் பட்டனை அழுத்தும் முன் லாக்கைப் பென் டிரைவுக்குக் காப்பி செய்துகொள்ளுங்கள். செட்டப்எர்ர்.லாக்கை நோட்பேடில் திறந்து முதலில் வந்த பிழையைப் பாருங்கள். கடைசியில் குவிந்து கிடப்பவை அதன் விளைவுகளாகவே இருக்கும். பிறகு அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு செட்டப்ஆக்ட்.லாக்கில் அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது என்று படியுங்கள். எந்தப் பாதையில் தேடியது என்பது அங்கே முழுதாக எழுதியிருக்கும்.

இமேஜிலேயே ஃபைல் இல்லாத நேரமும் உண்டு. இமேஜ் எடுக்கும்போது விலக்க வேண்டியவற்றின் பட்டியலை விம்ஸ்கிரிப்ட்.ஐஎன்ஐ மூலம் கொடுத்திருந்தால் அதைத் திறந்து பாருங்கள். பெயருக்கு முன் பின்சாய்வுக்கோடு இல்லாவிட்டால், டிரைவின் வேரில் உள்ளதோடு நிற்காமல் அதே பெயருள்ள மற்ற ஃபோல்டர்களும் விடுபடும். இன்னொரு காரணம், இமேஜை இளைக்க வைக்கிறேன் என்று வெளிக் கருவிகளால் விண்டோஸின் பாகங்களை வெட்டி எடுப்பது. வட்டின் விலை இவ்வளவு இறங்கிய காலத்தில் சில ஜிபிக்காக இதைச் செய்யவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அன்று ஒழுங்காக இறங்கிவிடும். மாதங்கள் கழித்து ஒரு அப்டேட் அந்தப் பாகத்தைத் தேடும்போது லேப் முழுவதும் ஒரே நாளில் சிக்கிக்கொள்ளும். அத்தனை கணினியிலும் போய் உட்காரப் போவது நீங்கள்தான்.

அப்படி வெட்டிய இமேஜைச் சரிசெய்ய நேரம் செலவழிக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் மூல ஐஎஸ்ஓவிலிருந்து ஒரு மெய்நிகர் கணினியில் புதிதாகக் கட்டி, சிஸ்பிரெப்புக்கு முன் ஒரு செக்பாயின்ட் வைத்துவிடுங்கள். அடுத்த முறை திருத்தம் செய்ய அங்கிருந்தே தொடரலாம். இமேஜ் எடுக்கும்போது 'செக் இன்டெக்ரிட்டி' தேர்வையும் சேர்த்தால், பின்னாளில் இறக்கும்போதும் அதே தேர்வைக் கொடுத்து, இமேஜ் கெட்டிருந்தால் தொடக்கத்திலேயே நிற்கும்படி செய்துகொள்ளலாம். லேபில் எத்தனை மாடல் கணினிகள் இருக்கின்றனவோ, ஒவ்வொன்றிலும் ஒன்றில் இறக்கி, முதல் லாகின் வரை போய்ப் பார்த்த பிறகு மற்றவற்றைத் தொடுங்கள்.