எந்தப் பந்து, எந்தக் குழி?

வத்தலக்குண்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கடிதம் எழுதியிருக்கிறார். விடுமுறையில் நண்பனோடு பூல் ஆடினாராம். கடைசியாக மிஞ்சிய கறுப்பு எட்டாம் எண் பந்தை மூலைக் குழிக்குக் குறிவைத்து அடித்திருக்கிறார். அது மூன்று பக்கம் மோதிச் சுற்றிவந்து நடுக் குழியில் விழுந்துவிட்டது. "விழுந்தது விழுந்ததுதானே! எந்தக் குழி என்று முன்கூட்டியே சொல்ல வேண்டுமா? நண்பன் நான் தோற்றுவிட்டதாகச் சாதிக்கிறான்" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, உங்கள் நண்பன் சொல்வதுதான் சரி. உலக விதிப்படி எட்டுப் பந்து ஆட்டத்தில் எந்தப் பந்து, எந்தக் குழி என்று அடிக்குமுன் சொல்லியாக வேண்டும். பந்து குழிக்கு நேராக நின்று, பார்க்கிற எல்லாருக்கும் புரிகிற அடியென்றால் வாய்திறக்க வேண்டாம். முதல் உடைப்பு அடிக்கும் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாத குழியில் சாதாரணப் பந்து விழுந்தால் அது உள்ளேயே கிடக்கும், முறை மட்டும் எதிராளிக்குப் போய்விடும். கறுப்புப் பந்து அப்படி விழுந்தால் ஆட்டமே போயிற்று.

இந்த விதியில் என்னை மிகவும் கவர்ந்த இடம் ஒன்று உண்டு. பந்தையும் குழியையும் சொன்னால் போதும். பந்து எந்தப் பக்கத்தில் மோதும், வழியில் எதைத் தொடும் என்றெல்லாம் சொல்லத் தேவையில்லை. எங்கே போக வேண்டும் என்பதற்கு ஆடுகிறவர் பொறுப்பு, எப்படிப் போகிறது என்பது மேசையின் பாடு. இவ்வளவு நுட்பமாகக் கோடு போட்டவர்கள் நிறைய சண்டைகளைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் எல்லா ஆட்டத்திலும் இந்த விதி இல்லை. ஒன்பது பந்து ஆட்டத்தில் மேசையில் உள்ள சிறிய எண் பந்தைத்தான் முதலில் தொட வேண்டும். தொட்ட பிறகு எது எந்தக் குழியில் விழுந்தாலும் கணக்கில் சேரும். ஸ்னூக்கரிலும் குழியைச் சொல்வதில்லை. அது நம் ஊட்டியோடு பிணைந்த ஆட்டம். 1875இல் ஜபல்பூர் ராணுவ விடுதியில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி தொடங்கிவைத்தார் (பின்னால் பிரிட்டன் பிரதமரானவர் வேறொருவர்). சில ஆண்டுகள் கழித்து ஊட்டி கிளப்பின் பில்லியர்ட் அறையில் அதன் விதிகளை எழுதி மாட்டினார்கள். சிவப்பைப் போட்ட பிறகு எந்த வண்ணப் பந்தை அடிக்கப் போகிறோம் என்பது மட்டும் ஸ்னூக்கரில் தெளிவாக வேண்டும். நடுவர் கேட்டும் சொல்லாவிட்டால் 7 புள்ளி அபராதம்.

இவற்றை அடுக்கிப் பார்த்தால் ஒரு காரணம் புலப்படுகிறது. எதை அடிப்பது என்று ஆட்டமே கட்டிப்போடும் இடத்தில் வாய்ச்சொல் தேவைப்படுவதில்லை. எதை வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று அவிழ்த்துவிடும் இடத்தில்தான் அது தேவை. 'ஸ்ட்ரெய்ட் பூல்' என்ற பழைய ஆட்டத்தில் பதினைந்து பந்தில் எதையும் எந்தக் குழியிலும் போடலாம். சொல்லும் விதியை எடுத்துவிட்டால் அங்கே கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடிப்பவனே பிழைப்பான். அந்த ஆட்டத்தில்தான் 1954இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வில்லி மாஸ்கோனி ஒரு முறைகூடத் தவறாமல் 526 பந்துகளைப் போட்டார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை 526 முறை நடக்காது.

நமக்கு இது அமெரிக்காவிலிருந்து வர வேண்டிய பாடமும் அல்ல. திண்டுக்கல் மலைக்கோட்டைக்குக் கீழே மண் தரையில் கோலி ஆடிய காலத்தில், எந்தக் குண்டை அடிப்பது என்பதை நாங்கள் தேர்ந்தெடுத்ததே இல்லை. எதிராளிதான் காட்டுவான். "அந்தப் பச்சைக் குண்டு" என்று அவன் விரல் நீட்டினால் பச்சையைத்தான் அடிக்க வேண்டும். பக்கத்துக் குண்டில் பட்டுவிட்டால் ஆட்டம் போச்சு. பூல் விதியைவிட இது கடுமை.

ஆட்டத்துக்கு வெளியேயும் இந்தக் கடுமை உண்டு. என் சித்தப்பா பூட்டுப் பட்டறையில் இருந்தவர். செய்து முடித்த பூட்டை அதன் சாவியால் திறந்து பார்ப்பதோடு விடமாட்டார். பக்கத்தில் கிடக்கும் நாலைந்து சாவிகளையும் நுழைத்துத் திருப்புவார். ஏதாவது ஒன்றுக்குத் திறந்துகொண்டால் பூட்டைப் பிரித்து லீவரை மறுபடி அரத்தில் ராவுவார். திறந்துவிட்டதே என்று அவர் ஒருநாளும் மகிழ்ந்ததில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் பெயர் இப்படிப்பட்ட கைகளால் வந்தது.

கேரமுக்கு வருகிறேன். ஒன்பது காயில் எதையும் நான்கு குழியில் எதிலும் போடலாம், சொல்ல வேண்டியதில்லை. 1996இல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம், 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற சென்னைப் பெண் காசிமா போன்றவர்கள் விஷயத்தில் இது ஒரு குறையே அல்ல. அவர்கள் மனசுக்குள் சொல்லிவிட்டுத்தான் அடிக்கிறார்கள். பழகுகிற பிள்ளைகளுக்குத்தான் இது கெடுதல். குருட்டாம்போக்கில் விழுந்த காய் எதையும் கற்றுத் தருவதில்லை. குறி எவ்வளவு பிசகியது என்று பார்ப்பதற்குள் காய் குழிக்குள் போய், பிசகு மறைந்துவிடுகிறது.

இப்போது கேரம் பலகைகள் மன்றங்களில் கால் உடைந்து சுவரோரம் சாய்ந்து கிடக்கின்றன. பிள்ளைகள் செல்போனில் கேரம் ஆடுகிறார்கள். அதில் ஸ்ட்ரைக்கரைத் திருப்பியதுமே காய் போகும் வழி கோடாகத் தெரிகிறது. எங்கே போகும் என்று தீர்மானிக்கும் வேலையைக் கருவி எடுத்துக்கொண்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது விரலைத் தேய்ப்பது மட்டும். எனக்கு இது வருத்தமாகத்தான் இருக்கிறது. பள்ளிகளும் நூலகங்களும் ஆளுக்கொரு பலகை வாங்கிப் போட்டு, ரெட் காய்க்கும் கடைசிக் காய்க்குமாவது குழியைச் சொல்லிவிட்டு அடிக்கப் பழக்கலாம். பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

எங்கள் தெரு மன்றத்தில் அந்த வழக்கம் இருந்தது. நூல் மில்லில் ஷிப்ட் முடித்து வரும் ஒரு பெரியவர் கொண்டுவந்தது அது. மாமா என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் அவர், "ரெட்டு, வலது மூலை" என்று சொல்லிவிட்டுச் சுண்டினார். ரெட் பக்கவாட்டில் மோதித் திரும்பி இடது மூலைக் குழியில் விழுந்தது. நாங்கள் கைதட்டினோம். மாமா குழிக்குள் கையை விட்டு ரெட்டை எடுத்தார். பவுடரைத் துடைத்து நடு வட்டத்தில் வைத்துவிட்டு, ஸ்ட்ரைக்கரை என் பக்கம் தள்ளினார்.

"உன் ஆட்டம்டா மாப்ளே. எந்த மூலை?"