காற்றுப் படமும் அம்பின் திசையும்

தமிழர் காற்றுக்கு இட்ட பெயர்கள் அது வரும் திசை பற்றியன. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வானிலை நூலாரும் காற்றை இம்முறையாலேயே குறிக்கின்றனர். கடல்நூலாரோ நீரோட்டத்தை அது செல்லும் திசையால் குறிப்பர். இவ்விரு வழக்கும் கணிப்பொறிப் படத்தில் விளைக்கும் மயக்கத்தை ஈண்டு ஆராய்வோம்.

நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பகுத்துக் கட்டந்தோறும் ஓர் எண்ணை நிறுத்தும் தரவினை ராஸ்டர் என்பர். ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்னறிவிப்பு மையத்தின் ஈ.ஆர்.ஏ.5 தொகுப்பு உலகினைக் கால் பாகை இடைவெளியில் 721 கிடைவரிசையும் 1,440 நெடுவரிசையுமாகப் பகுத்துள்ளது. அதன்கண் காற்றுக்குக் கட்டந்தோறும் இரண்டு எண்கள் உள. ஒன்று கிழக்கு நோக்கிய கூறு. மற்றொன்று வடக்கு நோக்கிய கூறு. இரண்டும் செல்லும் திசையையே சுட்டுவன என்பது உளங்கொளத்தக்கது.

அரபிக் கடலில் ஒரு கட்டத்தில் கிழக்குக் கூறு நொடிக்கு 8 மீட்டர், வடக்குக் கூறு 6 மீட்டர் எனக் கொள்வோம். இரண்டன் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் காணின் வேகம் 10 மீட்டர். செல்லும் திசை, வடக்கிலிருந்து வலஞ்சுழியாக ஏறத்தாழ 53 பாகை. வரும் திசை வேண்டின் 180 கூட்டி 233 பாகை எனல் வேண்டும். அதாவது தென்மேற்குக் காற்று. இக்கூட்டலை மறந்தால் அது வடகிழக்குக் காற்றாகிவிடும். இந்தியப் பெருங்கடலின் வடபகுதியில் இரண்டும் பருவந்தோறும் மாறிமாறி வீசுவன ஆதலின், பிழைபட்ட படமும் மெய்போலவே தோன்றும். பிழை புலப்படாமைக்கு இதுவே காரணம்.

சராசரி காண்பதிலும் இடர் உண்டு. 350 பாகையிலிருந்தும் 10 பாகையிலிருந்தும் வருவன இரண்டும் வாடையே. எண்களை மட்டும் கூட்டிப் பாதியாக்கினால் 180 வரும், வாடை தென்றலாகிவிடும்! கூறுகளைத் தனித்தனியே சராசரி கண்டு, பின்னரே திசை காணல் முறை.

அம்புகளை வரையும் கட்டளைக்கு மேட்பிளாட்லிப் என்னும் பைத்தான் நூலகத்தில் குவிவர் என்று பெயர். அம்பறாத்தூணி என்பது பொருள். பெயரிட்டார் சுவையறிந்தவர் போலும். பத்து இலக்கத்துக்கு மேற்பட்ட கட்டங்கட்கும் அம்பு வரைந்தால் படம் கருமையாகும். பத்துக் கட்டத்துக்கு ஒன்றாக வரைதல் போதும். வேகத்தை நீளத்தினும் நிறத்தால் உணர்த்துதலே சிறந்தது என்பது நம் கருத்து. மென்காற்றின் குற்றம்பு கண்ணுக்குப் புலனாகாது. இத்தொகுப்பின் முதல் வரிசை வடதுருவம். அகலாங்குகளைக் கொடாமல் வரைந்தால், நிலம் தலைகீழாகும்; அம்புகள் மட்டும் திரும்பா.

எட்மண்டு ஹேலி 1686-இல் வெளியிட்ட காற்றுப் படத்தில் கோடுகளின் கூர்முனை காற்று வரும் திசையைக் காட்டும். இக்கால அம்பின் முனை காட்டுவதோ செல்லும் திசை. பருவக்காற்றுப் பகுதிகளில் அவர் கோட்டு வரிசைகளை ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிராக வரைந்தார். இரு பருவங்களும் ஒரே தாளில் அடங்கின.