மழைமானி சொல்லாத வறட்சி

மண் துகள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய துளைகளில் ஒட்டிக்கொண்டு நிற்கும் நீருக்கு மண் ஈரம் என்று பெயர். கிணற்றிலும் ஆழ்துளைக் கிணற்றிலும் கிடைக்கும் நிலத்தடி நீர் வேறு, இது வேறு. எந்த மோட்டார் வைத்தும் இதை இறைக்க முடியாது. வேர் மட்டுமே உறிஞ்சும். உலகத்து நீர் அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் மண் ஈரத்தின் பங்கு ஏறக்குறைய 0.001 விழுக்காடுதான். வாய்க்கால் வழியாக வரும் பாசன நீர்கூட இந்த ஈரமாக மாறிய பிறகுதான் பயிருக்குப் பயன்படுகிறது. ஒரு நாட்டின் வேளாண்மை எவ்வளவு வறட்சிக்கு ஆளாகிறது என்பதை அறிய, வானத்தைவிட இந்தத் துளைகளைத்தான் பார்க்க வேண்டும். இந்தியாவில் அந்தப் பழக்கம் தாமதமாகவே வந்தது.

வந்தது என்பதைவிட, திரும்பி வந்தது என்பது பொருந்தும். தென்மாவட்ட மானாவாரிக் காடுகளில் மழையை அங்குலத்திலும் சென்டிமீட்டரிலும் சொல்வதற்கு முன்பே ‘உழவு மழை’ என்றொரு கணக்கு இருந்தது. பெய்த மழை கலப்பை இறங்கும் ஆழத்துக்கு மண்ணை நனைத்து, உழுவதற்குப் பதமாக்கியிருந்தால் அது உழவு மழை. எத்தனை மழை விழுந்தது என்பதைவிட எவ்வளவு உள்ளே இறங்கியது என்பதே அந்த அளவு. இன்றைய வறட்சி ஆய்வாளர்கள் பெரிய கணினிகளை வைத்துக்கொண்டு தேடுவதும் அதே விடையைத்தான்.

எல்லா மண்ணும் ஒரே அளவு நீரைப் பிடிப்பதில்லை. 25 மில்லிமீட்டர் மழை மணற்பாங்கான நிலத்தில் ஏறத்தாழ ஓரடி ஆழம் இறங்கும்; களிமண்ணில் அரையடிகூட இறங்காது. மணல் விரைவில் நனைந்து விரைவில் வறளும். களி மெதுவாக நனைந்து நெடுநாள் தாங்கும். நன்றாக நனைந்த மண்ணிலிருந்து மிகைநீர் வடிந்த பின் நிற்கும் ஈரம் மேல் எல்லை. வேர் எவ்வளவு முயன்றாலும் உறிஞ்ச முடியாமல் செடி வாடிவிடும் ஈரம் கீழ் எல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் பயிரின் கையிருப்பு. ஆழமான கரிசலில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் வரை இந்தக் கையிருப்பு தேறும். மணலில் அதில் பாதிகூடத் தேறாது. கீழ் எல்லையில் மண் முற்றிலும் உலர்ந்துவிடுவதில்லை என்பது கவனிக்க வேண்டியது. களிமண்ணில் அப்போதும் கணிசமான நீர் இருக்கும். ஆனால் துகள்கள் அதை இறுகப் பிடித்திருப்பதால் செடிக்கு அது இல்லாத நீர்.

மண் ஈரத்தை அளக்கும் பழைய முறை எளிமையானது. ஒரு பிடி மண்ணை எடை பார்த்து, 105 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நாள் உலர்த்தி, மறுபடி எடை பார்த்தால் குறைந்தது எவ்வளவோ அதுவே ஈரம். ஒரு வயலுக்கு இது போதும். ஒரு நாட்டுக்குப் போதாது. 2009இல் ஐரோப்பிய விண்வெளி முகமை ‘ஸ்மாஸ்’ செயற்கைக்கோளையும், 2015இல் நாசா ‘ஸ்மாப்’ செயற்கைக்கோளையும் இதற்காக அனுப்பின. ஈர மண்ணும் உலர்ந்த மண்ணும் வெளியிடும் நுண்ணலைகள் வேறுபடுவதைக் கொண்டு அவை அளக்கின்றன. ஆனால் அவற்றுக்குத் தெரிவது மேல் ஐந்து சென்டிமீட்டர் மண்தான். வேர் மண்டலம் அதற்குக் கீழே கிடக்கிறது. நூறாண்டுக் கதையைச் சொல்லும் வயதும் அவற்றுக்கு இல்லை. எனவே நீண்டகால ஆய்வுகளுக்குப் பழைய மழைப் பதிவுகளும் வெப்பநிலைப் பதிவுகளும்தான் கைகொடுக்கின்றன. அவற்றைக் கணினி மாதிரியில் இட்டு, எந்த ஆண்டில் எந்த இடத்தில் மண் எவ்வளவு ஈரமாக இருந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். நேரடி அளவு அல்ல, கணிப்பு. ஆனாலும் மழைக் கணக்கை மட்டும் வைத்துக்கொள்வதைவிட மேலானது.

இந்த வழியில் காந்திநகர் ஐஐடியைச் சேர்ந்த விமல் மிஸ்ராவும் அவருடைய குழுவினரும் 1870 முதல் 2016 வரையிலான இந்திய மண்ணின் ஈரத்தை மீட்டுக் கணக்கிட்டு, 2019இல் வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் நேர்ந்த பெரும் பஞ்சங்களோடு மண் ஈரத்தை ஒப்பிட்டதுதான் அந்த ஆய்வின் சிறப்பு. எடுத்துக்கொண்ட ஆறு பஞ்சங்களில் ஐந்து, மண் வறண்டுபோன காலங்களோடு பொருந்தின. ஒன்று பொருந்தவில்லை. அது 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சம். பல லட்சம் பேர் செத்துக்கொண்டிருந்த அந்த ஆண்டில் வங்காள மண்ணில் பஞ்சத்துக்குக் காரணமாகும் அளவுக்கு ஈரக்குறைவு இல்லை. போர்க்கால விலையேற்றமும் பிரிட்டிஷ் அரசின் கொள்கையும்தான் அந்தச் சாவுகளுக்குப் பொறுப்பு என்று பொருளாதார அறிஞர்கள் முன்பே வாதிட்டிருந்தார்கள். இப்போது மண்ணும் சாட்சி சொல்லிவிட்டது.

பொருந்திய ஐந்தில் தமிழ்நாட்டுக்கு மறக்க முடியாதது 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணமும் மைசூரும் ஐதராபாத்தும் பம்பாய் மாகாணமும் அதில் சிக்கின. 55 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் குறைந்தபட்ச மதிப்பீடே சொல்கிறது. மண் வறண்டது உண்மை. அதே நேரத்தில் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியானதும் உண்மை. பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியில் தானிய அளவை, பஞ்சப் பணிக்கென அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் ஒரு நாளைக்கு ஒரு பவுண்டாகக் குறைத்ததை ஏடுகள் பதிவு செய்திருக்கின்றன. பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்த நிவாரண வேலையில் வெட்டப்பட்டதுதான். வறட்சி வேறு, பஞ்சம் வேறு என்பதை இந்த ஒப்பீடு தெளிவாகக் காட்டுகிறது. முன்னது மண்ணில் நேர்வது. அதைப் பின்னதாக மாற்றுவதும் மாற்றாமல் தடுப்பதும் ஆட்சியின் கையில் இருக்கிறது.

அண்மைக் காலத்தின் போக்கு எப்படி இருக்கிறது? இந்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட காலநிலை மதிப்பீட்டில் சில எண்கள் இருக்கின்றன. 1901 முதல் 2018 வரை நாட்டின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி உயர்ந்திருக்கிறது. 1951 முதல் 2015 வரை தென்மேற்குப் பருவமழை ஏறத்தாழ 6 விழுக்காடு குறைந்திருக்கிறது; கங்கைச் சமவெளியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் குறைவு அதிகம். 1950 முதல் 2015 வரையிலான காலத்தில் மத்திய இந்தியாவில் ஒரே நாளில் 150 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் மழை 75 விழுக்காடு அளவுக்குப் பெருகியிருக்கிறது. வறட்சிக்கு உள்ளாகும் பரப்பும் 1951க்குப் பிறகு கூடிவந்திருக்கிறது.

மொத்த மழை சற்றே குறைவது ஒரு பக்கம். பெய்யும் விதம் மாறுவது மண்ணுக்கு அதைவிடப் பெரிய அடி. பத்து நாள் பரவலாகப் பெய்ய வேண்டியது இரண்டு நாளில் கொட்டினால், துளைகள் நிறையும் வேகத்தைத் தாண்டிய நீர் ஓடையில் போய்விடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை விழுந்தது. அந்தப் பகுதியின் ஓராண்டு மழையைவிட அது அதிகம். ஆண்டுக் கணக்கில் அது உபரி என்றே பதிவாகும். தாமிரபரணி கடலுக்குக் கொண்டுபோனதை எந்த வேரும் பார்க்கவில்லை.

இன்னொரு புறம் வெப்பம். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியை ஏற்கும். அதாவது காற்றின் தாகம் கூடுகிறது. மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் நீர் விரைவாகப் போகிறது. முன்பு இருபது நாள் தாங்கிய ஈரம் அதே மழைக்கு இப்போது அத்தனை நாள் தாங்காது. கரிசலில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. உலரும்போது அது சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்புகள் வழியே அடிமண் ஈரமும் ஆவியாகிவிடும்.

மண்ணுக்கு நினைவும் உண்டு. ஒரு பருவத்தில் வறண்ட அடிமண் அடுத்த மழை வந்ததும் உடனே தேறிவிடுவதில்லை. முதல் மழைகளில் பெரும்பகுதி பழைய கடனை அடைக்கவே போகும். வறண்ட மண்ணிலிருந்து ஆவியாக நீர் இல்லாதபோது வெயிலின் ஆற்றல் முழுவதும் தரையையும் காற்றையும் சூடாக்குவதற்கே செலவாகிறது. வெப்ப அலை கடுமையாகிறது. மண் ஈரம் பின்வரும் மழையையே பாதிக்கும் இடங்கள் எவை என்று 2004இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று தேடியது. அமெரிக்கப் பெருஞ்சமவெளி, ஆப்பிரிக்காவின் சாஹேல் ஆகியவற்றோடு இந்தியாவும் அந்தப் பட்டியலில் இருந்தது.

இந்த மாற்றங்களுக்கு எல்லோரும் ஒரே அளவில் ஆளாவதில்லை. இந்தியாவின் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய பாதி இன்றும் மானாவாரி. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரிலும் கர்நாடகத்தின் விஜயபுராவிலும் செப்டம்பர், அக்டோபரில் விதைக்கும் சோளத்துக்கு அதற்குப் பிறகு மழை பெரிதாக இருப்பதில்லை. பருவமழை விட்டுச் சென்ற ஈரத்திலேயே கதிர் முற்ற வேண்டும். அங்கே அடிமண்ணில் குறைகிற ஒவ்வொரு மில்லிமீட்டரும் விளைச்சலில் குறையும். மகாராஷ்டிரத்தின் மராத்வாடாவில் 2014, 2015 என அடுத்தடுத்துப் பருவமழை பொய்த்ததும் வயலோடு சேர்ந்து குடிநீரும் போயிற்று. 2016 ஏப்ரலில் அங்குள்ள லாத்தூருக்கு மீரஜிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அதே வட்டாரத்தில்தான் கரும்பும் விளைந்துகொண்டிருந்தது.

பஞ்சாபின் கதை நேர்மாறானது. அங்கே மழை குறைந்தாலும் வயல் மண் ஈரமாகவே இருக்கும், போர்வெல் ஓடுவதால். மண் ஈரத்தை மட்டும் காட்டும் வரைபடத்தில் பஞ்சாப் பத்திரமாகத் தெரியும். பூமியின் ஈர்ப்பு விசை மாற்றங்களை அளக்கும் ‘கிரேஸ்’ செயற்கைக்கோள்கள் வேறொன்றைச் சொல்லின: 2002 முதல் 2008 வரை ராஜஸ்தான், பஞ்சாப், அரியானா, டெல்லி பகுதிகள் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீரை இழந்திருந்தன. வறட்சி அங்கே நீங்கவில்லை. மேல்மண்ணிலிருந்து ஆழத்துக்கு இடம் மாறியிருக்கிறது.

மண்ணின் கொள்திறனைக் கூட்டும் வழிகள் பெரும்பாலும் பழையவை. கோடை உழவு மழையை உள்ளே விடும். சரிவுக்குக் குறுக்கே ஓட்டும் சால் நீரை நிறுத்தும். மூடாக்கு ஆவியாவதைக் குறைக்கும். கண்மாய்க் கரம்பையை வண்டியில் ஏற்றிச் செவல் நிலத்தில் அடிப்பது மண்ணுக்கு உரமாகிறது. அதோடு நீரைப் பிடிக்கும் களியையும் சேர்க்கிறது. உளிக்கலப்பை கொண்டு அடி இறுக்கத்தை உடைப்பது பிற்காலச் சேர்க்கை. இவற்றில் எதுவும் 2016 போன்ற ஆண்டில் தனியாகக் காப்பாற்றாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த ஆண்டு வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்கு 44 சென்டிமீட்டர் மழை வந்திருக்க வேண்டும். வந்தது சுமார் 17 சென்டிமீட்டர். 62 விழுக்காடு குறைவு. மேட்டூர் அணையும் வழக்கமான ஜூன் 12க்குப் பதில் செப்டம்பர் 20இல்தான் திறக்கப்பட்டிருந்தது. டெல்டாவின் சம்பா கருகியதும் மானாவாரிப் பயிர்கள் காய்ந்ததும் நவம்பர், டிசம்பரிலேயே கண்ணுக்குத் தெரிந்தன. எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்ற அறிவிப்பு 2017 ஜனவரி 10இல் வந்தது.

மத்திய அரசு 2016 டிசம்பரில் வெளியிட்ட வறட்சி மேலாண்மைக் கையேட்டில் மண் ஈரக் குறியீடுகளும் இடம்பெற்றுள்ளன. ஆனால் முதற்படி மழைக்குறைவுதான். அதைத் தாண்டிய பிறகே விதைத்த பரப்பு, செயற்கைக்கோள் காட்டும் பயிர்ப் பசுமை, மண் ஈரம், நீர்நிலைகளின் இருப்பு ஆகியவை பார்க்கப்படுகின்றன. கொட்டித் தீர்த்து ஓடிப்போன மழை, மழைமானியில் ‘இயல்பு’ என்று பதிவாகிவிட்டால் அந்த வட்டாரம் முதற்படியிலேயே நின்றுவிடக்கூடும். மண் ஈரத்தை முதற்படிக்கு ஏற்றாததற்கு இதுவரை சொல்ல ஒரு நியாயம் இருந்தது: ஸ்மாப் காட்டும் படத்தின் ஒரு புள்ளி ஏறக்குறைய 36 கிலோமீட்டர் அகலம், அதில் பல ஊர்கள் அடங்கிவிடும். இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து உருவாக்கிய ‘நிசார்’ 2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 12 நாளுக்கு ஒரு முறை அதே சுற்றுப்பாதைக்குத் திரும்பும் அது, மண் ஈரத்தை 200 மீட்டர் நுணுக்கத்தில் காட்டுவதற்கென வடிவமைக்கப்பட்டது. அந்தப் படங்கள் ஊராட்சி அளவில் வறட்சிக் கணக்கில் சேர வேண்டும். கையேட்டைத் திருத்தாமல் அது நடக்காது.