உயிரியல் வரிசைக் கோப்புகளில் தலைவரித் திருத்தம்

புரதமொன்றின் அமினோ அமிலங்களையோ, பரம்பரையலகொன்றின் மூலங்களையோ எழுத்துகளாகக் கணனியிற் சேமிப்பதற்குப் பெருவழக்காகக் கையாளப்படுவது ஃபாஸ்டா என்னும் கோப்பமைப்பாகும். 1980களில் லிப்மன், பியர்சன் ஆகியோர் ஆக்கிய ஒப்பீட்டு நிரல்களோடு வழக்கிற்கு வந்த இவ்வமைப்பு மிக எளியது. ‘இதனிற் பெரிது’ என்னும் கணிதக் குறியோடு தொடங்குவது தலைவரி. அதனையடுத்து வருவன வரிசையின் எழுத்துகள். தலைவரியில் முதல் இடைவெளி வரையுள்ள பகுதியையே பெரும்பாலான நிரல்கள் அடையாளமாகக் கொள்கின்றன, எஞ்சியது விளக்கம்.

இவ்வடையாளங்களை மாற்றவேண்டிய தேவை அடிக்கடி எழுகின்றது. பரிணாம மரங்களை வரையும் ஃபிலிப் நிரற்றொகுதியின் மரபான கோப்பமைப்பு ஒரு பெயருக்குப் பத்து இடங்களையே ஒதுக்குகின்றது. மனித இனத்தின் விஞ்ஞானப் பெயரோ உரோமன் எழுத்தில் இடைவெளியுட்படப் பன்னிரண்டு இடங்களைக் கொள்வது. எனவே மனித ஈமோகுளோபினின் அல்பா, பீற்றா கூறுகளுக்கு இனப்பெயரை முதலாகக் கொண்டு பெயரிட்டுப் பத்தாம் இடத்தில் வெட்டினால் இரண்டும் ஒரே பெயரைப் பெற்றுவிடும்.

ஆயிரக்கணக்கான தலைவரிகளைக் கையாற் திருத்துதல் இயலாது. பெல் ஆய்வுகூடத்தில் 1970களில் தோன்றிய செட், ஓக் ஆகிய கட்டளைவரிக் கருவிகள் இப்பணியை நொடிப்பொழுதில் முடிப்பன. ஆனால் அவை பொருளறியா. எழுத்தை மாத்திரமே அறியும். யூனிபுரொட் தரவுத்தளத்தின் தலைவரிகளில் வரிசைப் பதிப்பைச் சுட்ட ‘எஸ்’, ‘வீ’ என்னும் ஈரெழுத்துகள் வருகின்றன. அவையே புரத வரிசையிற் சீரினையும் வலீனையும் குறிப்பன. மனித அல்பாக் கூற்றின் வரிசையில் இவ்விரண்டும் ஓரிடத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. அவ்வீரெழுத்தை நீக்குமாறு கோப்பு முழுவதற்கும் கட்டளையிட்டால் 142 அமிலங்கொண்ட புரதம் 140 ஆகக் குறையும். கருவி எவ்வித எச்சரிக்கையும் தராது.

ஆதலின், கட்டளையைத் தலைவரிக் குறியோடு தொடங்கும் வரிகளுக்கு மாத்திரம் வரையறுத்தல் முதல் விதியாகும். அக்குறியை மேற்கோட் குறிகளுள் அடைத்தல் இரண்டாம் விதி. அடைக்காதுவிடின் யுனிக்ஸ் கட்டளைவரி அதனை ‘வெளியீட்டைக் கோப்பில் எழுதுக’ எனக் கொள்ளும். அடுத்து நிற்கும் பெயர் மூலக்கோப்பினதாயின் அதன் உள்ளடக்கம் அழிந்துபோகும். விளைவை எப்போதும் வேறொரு கோப்பிலேயே எழுதுதல் வேண்டும். பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைத்துக் காட்டும் அட்டவணையொன்றையும் பேணல் வேண்டும்.

திருத்தம் முடிந்தபின் மூன்றினைச் சோதித்தல் தகும்: தலைவரிகளின் தொகை மாறாதிருத்தல், எப்பெயரும் இருமுறை வாராதிருத்தல், தலைவரிகளை நீக்கி ஒப்பிடுங்கால் பழைய கோப்பும் புதிய கோப்பும் எழுத்துக்கெழுத்து ஒத்திருத்தல். இம்மூன்றும் நிறைவேறிய பின்னரே அக்கோப்பை ஆய்விற்குக் கொள்ளலாம். பெயர் பிறழ்ந்த வரிசையிலிருந்தும் கணனி மரம் வரைந்தே தரும். அம்மரத்தைப் பார்த்து அப்பிழையைக் கண்டறிதல் எளிதன்று.